யூகேல பிரைவேட் பார்க்கிங் லெட்டர் வந்துடுச்சா? பணம் கட்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் இங்கிலாந்து வந்து நாலாவது மாசம், ஒரு செகண்ட்ஹேண்ட் கார் வாங்கியிருந்தேன், ஒரு சனிக்கிழமை ஃபேமிலியோட ரீடெய்ல் பார்க் போய், ரெண்டு மணி நேரம் ஃப்ரீ பார்க்கிங்ல ரெண்டே முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்கு ஒரு லெட்டர். மேல பெருசா பிசிஎன், கீழ என் கார் நம்பர் ப்ளேட் ஃபோட்டோ ரெண்டு, 100 பவுண்ட் கட்டு, 14 நாளுக்குள்ள கட்டினா 60. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. ஊர்ல ட்ராஃபிக் போலீஸ் ரசீது மாதிரி ஏதோன்னு நினைச்சு, விசாவுக்குப் பிரச்னை வருமோன்னு வேற பயந்து, உடனே அவங்க வெப்சைட்ல போய் உருகி உருகி எழுதினேன், நான்தான் ஓட்டிட்டு வந்தேன், கடைக்குள்ள பையன் வாந்தி எடுத்துட்டான், க்ளீன் பண்ணி கிளம்ப லேட் ஆயிடுச்சு, ஊருக்குப் புதுசு, மன்னிச்சுக்கோங்கன்னு. பத்து நாள்ல பதில் வந்துச்சு, முடியாது, கட்டு. கட்டிட்டேன்.

அப்புறம் ஆஃபீஸ்ல ஒரு அண்ணன் அந்த லெட்டரை வாங்கிப் பாத்துட்டு, "தம்பி, இது 19வது நாள்தான் போஸ்ட்லயே போட்டிருக்காங்க, நீ நான்தான் ஓட்டினேன்னு மட்டும் சொல்லாம இருந்திருந்தா ஒரு பைசா கட்ட வேண்டியதில்ல"ன்னாரு. 100 பவுண்ட் போனதை விட அந்த வாக்கியம்தான் ரொம்ப நாள் உறுத்துச்சு. அடுத்த வருஷம் இன்னொரு லெட்டர் வந்தப்ப சரியா பண்ணி ஜெயிச்சேன். அந்த ரெண்டு அனுபவத்துல இருந்தும் கத்துக்கிட்டதைத்தான் வரிசையா எழுதறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துல இந்தச் சட்டம் கிடையாது, அங்க இருக்கறவங்க இதை அப்படியே காப்பி பண்ணாதீங்க.

1. லெட்டர் யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு முதல்ல பாருங்க

இதுலதான் முதல் குழப்பமே. கவுன்சில், அதாவது உள்ளூர் நகராட்சி, அனுப்பறதும் பிசிஎன்தான், தனியார் கம்பெனி அனுப்பறதும் பிசிஎன்தான். கவுன்சிலோடது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், தனியாரோடது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். ரெண்டுக்கும் சுருக்கம் ஒன்னா இருக்கறது தற்செயல்னு நான் நம்பல.

லெட்டர்ல கவுன்சில் பேரோ ட்ரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் பேரோ இருந்தா, இந்தக் கட்டுரைல இருக்கற எதையும் பண்ணாதீங்க. அது வேற சட்டம், அங்க வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பொறுப்பு, யார் ஓட்டினாங்கன்ற பேச்சே எடுபடாது, கண்டுக்காம விட்டா தொகை ஏறி வீட்டு வாசல்ல பெய்லிஃப், அதாவது கடன் வசூல் பண்ற கோர்ட் ஆளுங்க, வந்து நிப்பாங்க. பஸ் லேன், லண்டனுக்குள்ள ஓட்டறதுக்குக் கட்டற கஞ்செஷன் சார்ஜ், புகை அதிகம் விடற வண்டிக்கான யூலெஸ் எல்லாமே அந்தப் பக்கம்தான்.

தனியார் கம்பெனி லெட்டர்னா அது அபராதமே இல்ல. நீங்க அவங்க போர்டுல போட்டிருந்த கண்டிஷனை மீறிட்டீங்க, அதனால காசு கொடுங்கன்னு கேக்கற ஒரு பில், அவ்ளோதான். கிரிமினல் விஷயம் கிடையாது, போலீஸுக்கும் சம்பந்தம் இல்ல, லைசென்ஸ்ல பாயிண்ட்டும் ஏறாது. அதுக்காக தூக்கி குப்பைல போடலாம்னு அர்த்தம் இல்ல. 2012க்கு முன்னாடி இங்க இருந்தவங்க "அதெல்லாம் கிழிச்சுப் போடுப்பா"ன்னு அட்வைஸ் பண்ணுவாங்க, அந்தக் காலம் போயிடுச்சு. இப்ப இந்தக் கம்பெனிங்க நிஜமாவே கோர்ட்டுக்குப் போறாங்க.

2. கீப்பர் வேற, டிரைவர் வேற

லாக்புக்ல, அதாவது வண்டி பதிவுப் பத்திரமான வி5சில, யார் பேர் இருக்கோ அவர் ரிஜிஸ்டர்டு கீப்பர். அன்னைக்கு ஸ்டியரிங் பிடிச்சவர் டிரைவர். பார்க்கிங் கம்பெனிக்கு அக்ரிமென்ட் டிரைவரோடதான், ஏன்னா போர்டைப் படிச்சு, அல்லது படிக்காம, வண்டியை நிறுத்தினது அவர்தான். ஆனா கேமராவுக்குத் தெரியறது நம்பர் ப்ளேட் மட்டும். அதனால வண்டிப் பதிவைப் பாத்துக்கற அரசு அலுவலகமான டிவிஎல்ஏகிட்ட ஒரு வண்டிக்கு 2.50 பவுண்ட் கட்டி கீப்பர் பேரும் அட்ரஸும் வாங்கி உங்களுக்கு லெட்டர் போடறாங்க.

டிரைவர் யாருன்னு தெரியலன்னா கீப்பர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு ஒரு வழியை 2012ல வந்த ப்ரொட்டெக்ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் ஆக்ட், ஷெட்யூல் 4 கொடுத்துச்சு. சுருக்கமா போஃபான்னு சொல்வாங்க. ஆனா சும்மா கொடுக்கல, இத்தனை நாளுக்குள்ள லெட்டர் வரணும், அதுல இன்னின்ன வாசகம் இருக்கணும்னு கண்டிஷன் போட்டுத்தான் கொடுத்துச்சு. அதுல ஒன்னு தப்பினாலும் கீப்பர் மேல பொறுப்பு வராது, அவங்க டிரைவரைத் தேடித்தான் போகணும். டிரைவர் யாருன்னு தனியார் கம்பெனிகிட்ட சொல்லணும்னு உங்களுக்குச் சட்டத்துல எந்தக் கட்டாயமும் கிடையாது. "கீப்பர்தானே, அப்ப நீங்கதான் ஓட்டியிருப்பீங்க"ன்னு சும்மா முடிவு பண்ணவும் முடியாது, 2023ல வந்த விசிஎஸ் எதிர் எட்வர்ட் அப்பீல் தீர்ப்பு இதைத் தெளிவாவே சொல்லுது.

எங்க வீட்டு இன்சூரன்ஸ்ல மூணு பேர் பேர் இருக்கு. யார் வேணா ஓட்டியிருக்கலாம். இதுதான் நிலைமைன்னா இதை இப்படியே விட்டுடுங்க.

இங்க ஒன்னு. நம்ம தமிழ்ல "நான்"னு சொல்லவே வேண்டாம், "நிறுத்தினேன்"னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சிடும். அதே பழக்கத்துல இங்கிலீஷ்ல எழுதும்போதும் முதல் வரியிலயே நான் போனேன், நான் நிறுத்தினேன்னு வந்துடும். அந்த ஒரு எழுத்து எனக்கு 100 பவுண்ட். எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சு, எல்லா இடத்துலயும் "டிரைவர்", "வண்டி"ன்னு மட்டும் இருக்கான்னு பாத்துக்கோங்க.

அதே சமயம் பொய் சொல்லாதீங்க. நீங்க ஓட்டிட்டு "நான் ஓட்டல"ன்னு எழுதறது வேற, யார் ஓட்டினாங்கன்னு சொல்லாம இருக்கறது வேற. பின்னாடி கோர்ட்னு போனா உண்மைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் எல்லாம் கொடுக்கணும், அதுல பொய் இருந்தா 100 பவுண்ட் விஷயம் கோர்ட் அவமதிப்பு ஆயிடும்.

3. நாள் எண்ணுங்க, உறையைத் தூக்கிப் போடாதீங்க

என்னைக் கேட்டா மொத்த விஷயத்துலயும் இதுதான் முக்கியம். பேனா எடுத்து எண்ணுங்க.

கண்ணாடில டிக்கெட் எதுவும் ஒட்டாம, நம்பர் ப்ளேட்டைப் படிக்கற ஏஎன்பிஆர் கேமரா பாத்து நேரா போஸ்ட்ல வந்த லெட்டர்னா, வண்டி நின்ன மறுநாள்ல இருந்து 14 நாளுக்குள்ள அது உங்க கைக்கு வந்து சேரணும். அவங்க போஸ்ட் பண்ண தேதி இல்ல, வந்து சேர்ந்த தேதி. போஸ்ட் பண்ண நாளுக்கு அப்புறம் ரெண்டாவது வேலை நாள்ல வந்து சேர்ந்ததா சட்டம் எடுத்துக்கும், சனி ஞாயிறு பேங்க் ஹாலிடே கணக்குல வராது.

உதாரணம் போட்டுப் பாப்போம். வண்டி நின்னது 2025 மார்ச் 8, சனிக்கிழமை. மார்ச் 9 ஒன்னாவது நாள், மார்ச் 22 பதினாலாவது நாள். லெட்டர் மார்ச் 19 புதன்கிழமை போஸ்ட் ஆனா, வியாழன் ஒன்னு, வெள்ளி ரெண்டு, மார்ச் 21ல வந்ததா கணக்கு, அவங்க தப்பிச்சாங்க. மார்ச் 20 வியாழக்கிழமை போஸ்ட் ஆனா, வெள்ளி ஒன்னு, அடுத்த வேலை நாள் திங்கள் மார்ச் 24, முடிஞ்சுது, லேட். பாருங்க, ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான்.

லெட்டர் மேல அச்சடிச்சிருக்கற தேதியும் நிஜமா போஸ்ட் பண்ண தேதியும் ஒன்னா இருக்கணும்னு இல்ல. அதனால உறையையும் சேத்து எடுத்து வைங்க, வந்த அன்னைக்கே லெட்டரையும் உறையையும் ஃபோட்டோ எடுத்துடுங்க.

கண்ணாடில டிக்கெட் ஒட்டியிருந்தா கணக்கு வேற. அப்ப கீப்பருக்கு வர்ற லெட்டர் ஒட்டினதுக்கு அப்புறம் 28 நாள் முடிஞ்சு, அடுத்த 28 நாளுக்குள்ள வரணும், அதாவது 29ல இருந்து 56வது நாளுக்குள்ள. ஒட்டின டிக்கெட்டைப் பாத்த உடனே பதறி அன்னைக்கு ராத்திரியே அப்பீல் எழுதாதீங்க, டிக்கெட் கைல இருக்குன்னா ஓட்டினது நீங்கதான்னு நீங்களே உளறிடறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்காக அப்பீல் கெடுவைத் தவற விட்டுடவும் கூடாது, டிக்கெட்டுலயே போட்டிருப்பாங்க, பெரும்பாலும் 28 நாள்.

கம்பெனி கார், லீஸ் கார்னா லெட்டர் முதல்ல லீஸ் கம்பெனிக்குத்தான் போகும், அவங்க உங்க பேரைக் கொடுப்பாங்க, உங்ககிட்ட ஒரு அட்மின் ஃபீயும் பிடிச்சுப்பாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு வர்ற நோட்டீஸோட லீஸ் அக்ரிமென்ட் காப்பி மாதிரி சில பேப்பர் சேர்த்து அனுப்பணும்னு சட்டத்துல இருக்கு, நிறைய பேர் அனுப்பறது இல்ல. அது உங்களுக்கு நல்ல பாயிண்ட். லீஸ் கம்பெனிகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க, அவங்களே பணத்தைக் கட்டிட்டு உங்க சம்பளத்துல பிடிச்சிடப் போறாங்க.

4. லெட்டருக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்ல

நாள் சரியா இருந்தாலும் வாசகம் பாருங்க. எந்த வண்டி, எந்த இடம், எவ்ளோ நேரம் நின்னுச்சு, எவ்ளோ பணம், அதை யாருக்குக் கட்டணும்னு எல்லாம் இருக்கணும். அதோட முக்கியமா ஒரு எச்சரிக்கை இருக்கணும்: 28 நாளுக்குள்ள முழுப் பணமும் வரலன்னா, டிரைவர் பேரும் அட்ரஸும் எங்களுக்குத் தெரியலன்னா, கீப்பரான உங்ககிட்டயே வசூல் பண்ண எங்களுக்கு உரிமை இருக்குன்னு. சில கம்பெனிங்க லேட்டா அனுப்பற லெட்டர்ல இந்த வரியையே எடுத்துட்டு, "டிரைவர் யாருன்னு சொல்லுங்க"ன்னு மட்டும் போடுவாங்க. அப்படின்னா அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான், கீப்பர் மேல அவங்களுக்குப் பிடி இல்ல.

கேமரா நேரம் பத்தி ஒன்னு. கேமரா காட்டறது வண்டி கேட்டுக்குள்ள நுழைஞ்ச நேரமும் வெளிய போன நேரமும். இடம் தேடி சுத்தினது, வெளிய போக வரிசைல நின்னது எல்லாம் அதுல சேர்ந்துடும். இது பார்க்கிங் நேரமே இல்லன்னு வாதாடலாம், ஆனா இதை ஒரு ஜட்ஜ் ஏத்துப்பார், இன்னொருத்தர் ஏத்துக்க மாட்டார், இதை மட்டும் நம்பி இறங்காதீங்க. இதை விட உறுதியானது, 2024 அக்டோபர் 1ல இருந்து பார்க்கிங் கம்பெனிங்களோட ரெண்டு சங்கத்துக்கும் பொதுவா வந்த கோட், அதாவது நடத்தை விதி: போர்டைப் படிச்சு முடிவு பண்ண குறைஞ்சது 5 நிமிஷம், நேரம் முடிஞ்ச அப்புறம் கிளம்ப குறைஞ்சது 10 நிமிஷம் கொடுக்கணும், சார்ஜ் பெரும்பாலும் 100 பவுண்ட் தாண்டக் கூடாது. 7 நிமிஷம் லேட்டுக்கு லெட்டர் வந்தா இந்த ஒன்னே போதும். மெஷின்ல நம்பர் அடிக்கும்போது ஒரு எழுத்து மாறிடுச்சு, ஓவுக்குப் பதிலா ஜீரோ அடிச்சுட்டோம்னா, காசு கட்டின ஆதாரத்தைக் காட்டினா கேன்சல் பண்ணணும்னும் அதே கோட்ல இருக்கு.

ஏர்போர்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி தனியா பைலா, அதாவது அந்த இடத்துக்குன்னே சட்டப்படி போட்ட விதி, இருக்கற இடத்துல போஃபாவே பொருந்தாது, அதனால கீப்பர் மேல பொறுப்பு ஏறாது. நம்ம ஆளுங்க மாட்டறது ஹீத்ரோல. அம்மா அப்பாவை சென்னை ஃப்ளைட்டுக்கு டெர்மினல் வாசல்ல இறக்கி விட்டுட்டு அழுதுட்டே திரும்பி வருவோம், ட்ராப் ஆஃப் ஃபீ ஆன்லைன்ல கட்டணும்னே தெரியாது. அங்க பேரியர் எதுவும் இல்ல, மறுநாள் நள்ளிரவுக்குள்ள நீங்களா போய் கட்டணும்.

5. அப்பீலுக்கு முன்னாடி கடைல கேளுங்க

யாரும் சொல்லித் தராத வழி இது. பார்க்கிங் கம்பெனி அந்த இடத்துக்கு வாட்ச்மேன் மாதிரி, இடத்தோட சொந்தக்காரர் வேற. நீங்க அங்க 80 பவுண்டுக்கு மளிகை வாங்கின ரசீதோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ இருந்தா, அந்தக் கடை மேனேஜர்கிட்ட நேர்ல போய் காட்டுங்க, கேன்சல் பண்ணச் சொல்லிக் கேளுங்க. சூப்பர்மார்க்கெட், ஜிம், ஜிபி சர்ஜரி (டாக்டர் க்ளினிக்), ஹோட்டல் எல்லாம் ஒரு ஈமெயில்ல முடிச்சுக் கொடுத்த கதை நிறையக் கேட்டிருக்கேன். வெறும் கஸ்டமர் சர்வீஸ் நம்பருக்கு ஃபோன் பண்ணா "பார்க்கிங் கம்பெனியைக் கேளுங்க"ன்னு தட்டி விட்டுடுவாங்க, நேர்ல போறதுதான் வேலைக்கு ஆகும். மேனேஜர்கிட்டயும் "இந்த வண்டி", "இந்த ஃபேமிலி"ன்னே பேசுங்க.

போகும்போதே போர்டுகளை ஃபோட்டோ எடுத்துடுங்க. என்ட்ரில இருக்கற போர்டு, உள்ள இருக்கற போர்டு, எழுத்து எவ்ளோ சின்னதுன்னு தெரியற மாதிரி பக்கத்துல நின்னு ஒன்னு, வண்டி நின்ன இடத்துல இருந்து ஒன்னு. ராத்திரி நடந்த விஷயம்னா ராத்திரியே போய் எடுங்க, லைட்டே இல்லாத கம்பத்துல போர்டு மாட்டியிருப்பாங்க.

6. கம்பெனிக்கு முதல் அப்பீல்

கெடு 28 நாள். 14 நாளுக்குள்ள அப்பீல் பண்ணிட்டா, நிராகரிச்சாலும் டிஸ்கவுன்ட் ரேட்டைப் பெரும்பாலும் இன்னொரு 14 நாள் தருவாங்க, அதனால முதல் ரெண்டு வாரத்துலயே அனுப்பறது நல்லது. காசு எதுவும் கிடையாது. ஃபோன் பண்ணாதீங்க, வெப்சைட்லயோ போஸ்ட்லயோ மட்டும்.

வெப்சைட்ல முதல் பொறி, "நீங்க யார்?"னு ஒரு லிஸ்ட் வரும், டிரைவர், கீப்பர், ஹையரர் (வாடகைக்கு எடுத்தவர்)னு. கீப்பர்னு தேர்ந்தெடுங்க. டிரைவர் டீடெய்ல்ஸ் கேக்கற பெட்டியை காலியா விடுங்க. சில சைட்ல கீப்பர்னு ஆப்ஷனே இருக்காது, அப்ப முதல் வரியிலயே கீப்பராத்தான் எழுதறேன்னு போட்டுடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட்.

நீளமா எழுத வேண்டாம், பையன் வாந்தி எல்லாம் வேண்டவே வேண்டாம். இவ்ளோ போதும், இங்கிலீஷ்ல மாத்தி எழுதிக்கோங்க:

"இந்த வண்டியின் ரிஜிஸ்டர்டு கீப்பராக எழுதுகிறேன். இந்த சார்ஜை நான் ஏற்கவில்லை. உங்கள் நோட்டீஸ் ப்ரொட்டெக்ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் ஆக்ட் 2012, ஷெட்யூல் 4, பாரா 9ல் சொன்ன காலத்துக்குள் வந்து சேரவில்லை. எனவே கீப்பர் மீது பொறுப்பு சுமத்த முடியாது. டிரைவர் யார் என்று சொல்ல எனக்குக் கடமை இல்லை, சொல்லப் போவதும் இல்லை. சார்ஜை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த கட்ட அப்பீலுக்கான கோட் எண்ணை அனுப்புங்கள்."

பெரும்பாலும் நிராகரிச்சு ஒரு டெம்ப்ளேட் பதில் வரும், அதுல 2015 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ், பத்தி நாலு பாரா இருக்கும். அதைப் பாத்து மிரளாதீங்க. அந்தக் கேஸ்ல 85 பவுண்ட் அநியாயமான தொகை இல்லன்னு தீர்ப்பு வந்தது உண்மை, ஆனா அங்க பீவிஸ்தான் டிரைவர்னு எல்லாருக்கும் தெரியும். உங்க கேள்வி வேற.

7. பாப்லாவா, ஐஏஎஸ்ஸா

லெட்டர்ல ஒரு சங்கத்தோட லோகோ இருக்கும். பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன்னா அடுத்த அப்பீல் பாப்லாங்கற அமைப்புக்கு. இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டின்னா ஐஏஎஸ்ங்கற இன்னொரு அப்பீல் அமைப்புக்கு (நம்ம ஊர் ஐஏஎஸ் இல்ல). இந்த ரெண்டு சங்கத்துல ஒன்னுல இல்லாத கம்பெனிக்கு டிவிஎல்ஏ உங்க அட்ரஸையே கொடுக்காது.

பாப்லாக்கு 10 இலக்க கோட் ஒன்னு நிராகரிப்பு ஈமெயில்ல வரும், 28 நாளுக்குள்ள போடணும், ஃப்ரீ. தோத்தா டிஸ்கவுன்ட் போயிடும், முழு 100 கேப்பாங்க, உங்க ரிஸ்க் அவ்ளோதான். முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. இங்க கொஞ்சம் விரிவா எழுதுங்க, ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித் தலைப்பு போட்டு. முதல்ல கீப்பர் பொறுப்பு, நாள் கணக்கை தேதி தேதியா எழுதுங்க. அடுத்தது இந்த ஆள்தான் டிரைவர்னு கம்பெனி நிரூபிக்கலன்னு. அப்புறம் போர்டு, உங்க ஃபோட்டோவோட. கடைசியா, இந்த இடத்துல சார்ஜ் போடவும் கேஸ் போடவும் இடத்துக்காரர் கொடுத்த அதிகாரத்தோட காப்பியைக் காட்டுங்கன்னு. மன்னிப்பு, சூழ்நிலை எல்லாம் இங்க சுத்தமா எடுபடாது, சட்டமும் அந்த நடத்தை விதியும்தான்.

கம்பெனி ஆதாரம் போட்டதும் உங்களுக்கு ஈமெயில் வரும், பதில் சொல்ல 7 நாள்தான். நான் ஸ்பாம் ஃபோல்டர்ல ஆறாவது நாள் கண்டுபிடிச்சேன். அவங்க போட்ட ஆதாரத்துல நாள் கணக்கு பத்தி ஒரு வார்த்தை இல்ல, "வண்டி நம்பரை கீப்பர் மறுக்கல"ன்னு மட்டும் இருந்துச்சு, அதையே எடுத்துக் காட்டி மூணு வரி எழுதினேன். எனக்கு முடிவு வர ஆறு வாரம் ஆச்சு. சில சமயம் கம்பெனி ஆதாரமே போடாம விலகிடும், அதுவும் ஜெயிச்ச மாதிரிதான்.

ஐஏஎஸ் பத்தி என் அபிப்பிராயம் அவ்ளோ நல்லா இல்ல. எனக்குத் தெரிஞ்ச நாலு பேர்ல ஒருத்தர்கூட அங்க ஜெயிக்கல. அப்படித் தோத்தாலும் அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு மட்டும் ஞாபகம் வைங்க.

8. கடன் வசூல் லெட்டருக்கு பயப்படாதீங்க, ஆனா எண்ணி வைங்க

அப்பீல் தோத்து, நீங்களும் கட்டலன்னா, அடுத்த சில மாசம் கலர் கலரா லெட்டர் வரும். 100 இப்ப 170 ஆயிருக்கும். "பெய்லிஃப்", "கிரெடிட் ரேட்டிங்"னு சிவப்பு எழுத்துல இருக்கும். இவங்க பெய்லிஃப் கிடையாது, கோர்ட் தீர்ப்பு இல்லாம வீட்டுக்கு பெய்லிஃபை அனுப்பவோ உங்க கிரெடிட் ஃபைல்ல எழுதவோ இவங்களால முடியாது. அந்தக் கூடுதல் 70க்கும் போஃபால இடம் இல்ல, கீப்பர்கிட்ட நோட்டீஸ்ல போட்ட தொகை வரைக்கும்தான் கேக்கலாம். ஃபோன் பண்ணாதீங்க, தவணை பேசாதீங்க, ஃபைல்ல போட்டு வைங்க.

தூக்கி ஓரமா வைக்கக் கூடாத லெட்டர் ரெண்டு. ஒன்னு "லெட்டர் பிஃபோர் க்ளெய்ம்", கேஸ் போடறதுக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை, பதில் சொல்ல 30 நாள், கட்டாயம் பதில் போடுங்க, உங்க பாயிண்டை மறுபடி அப்படியே. ரெண்டாவது கோர்ட்ல இருந்தே வர்றது.

9. கோர்ட் பேப்பர் வந்தா

நார்தாம்ப்டன்ல இருக்கற சிவில் நேஷனல் பிசினஸ் சென்டர்ல இருந்து க்ளெய்ம் ஃபார்ம் வரும். அதுல இருக்கற இஷ்யூ தேதில இருந்து 5 நாள் கழிச்சு உங்களுக்கு வந்ததா கணக்கு. அதுல இருந்து 14 நாளுக்குள்ள ஆன்லைன்ல "அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் சர்வீஸ்", அதாவது பேப்பர் வந்துடுச்சுன்னு பதில், போடுங்க, போட்டா டிஃபென்ஸ், அதாவது உங்க எதிர்வாதம், எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பொறி என்னன்னா, அக்னாலெட்ஜ்மென்ட் போடும்போதே டிஃபென்ஸ் பெட்டில "நான் ஒத்துக்கல"ன்னு ஒரு வரி அடிச்சுட்டா அதுதான் உங்க டிஃபென்ஸ்னு முடிஞ்சிடும். அந்தப் பெட்டியைத் தொடாதீங்க.

தோத்தாலும் அவங்க கேக்கற செலவு இவ்ளோதான்: 100, அவங்க சேர்க்கற 70, கோர்ட் ஃபீ 35, சொலிசிட்டர் 50, கொஞ்சம் வட்டி. விசாரணை வரைக்கும் போனா 27 பவுண்ட் இன்னொரு ஃபீ. ஸ்மால் க்ளெய்ம்ல, அதாவது இந்த மாதிரி சின்னத் தொகை கேஸ்ல, மோசமா நடந்துக்கலன்னா எதிர்த்தரப்பு வக்கீல் செலவு முழுசும் உங்க தலைல விழாது. வீட்டை வித்துக் கட்டற கதை எல்லாம் இல்ல. நடுவுல ஃபோன்ல மீடியேஷன், அதாவது சமரசப் பேச்சு, ஒன்னு இருக்கும், ஃப்ரீ, இப்ப கலந்துக்கறது கட்டாயம், ஆனா காசு கொடுக்க ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. விசாரணை உங்க வீட்டுப் பக்கத்து கோர்ட்டுலயே கேக்கலாம். நான் பாத்த வரைக்கும் ஒழுங்கா டிஃபென்ஸ் போட்டவங்க கேஸ்ல நிறைய, அந்த 27 பவுண்ட் கட்ட வேண்டிய தேதிக்கு முன்னாடி கம்பெனியே வாபஸ் வாங்கிடறாங்க.

10. லாக்புக் அட்ரஸ், இதை இன்னைக்கே பாருங்க

ஒரு ஃப்ரெண்ட் ஸ்லவ்ங்கற ஊர்ல இருந்து மில்டன் கீன்ஸுக்கு வீடு மாத்தினான். பேங்க், ஜிபி, கவுன்சில் டாக்ஸ், டிரைவிங் லைசென்ஸ் எல்லாத்துலயும் அட்ரஸ் மாத்தினான், லாக்புக்கை மறந்துட்டான், லைசென்ஸ்ல மாத்தினா லாக்புக்லயும் தானா மாறிடும்னு நினைச்சிருக்கான். மாறாது, ரெண்டும் தனித்தனி. பார்க்கிங் லெட்டர், கடன் லெட்டர், கோர்ட் ஃபார்ம் எல்லாம் பழைய வீட்டுக்குப் போய், பதில் வராததால அவனுக்குத் தெரியாமயே கவுன்டி கோர்ட் தீர்ப்பு வந்து, வீடு வாங்க மார்ட்கேஜ் அப்ளை பண்ணப்பதான் தெரிஞ்சுது. இப்படி வந்த தீர்ப்பை ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டினா தீர்ப்புகளைப் பதியற ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்துடுவாங்க, இல்லன்னா 6 வருஷம் இருக்கும். அவனுக்கு அந்த மாசம் எப்பவோ போயிடுச்சு, தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி என்-244ங்கற கோர்ட் ஃபார்ம் போட 303 பவுண்ட் ஆச்சு.

லாக்புக்ல அட்ரஸ் மாத்தறது ஆன்லைன்ல ஃப்ரீ, அஞ்சு நிமிஷ வேலை. மாத்தாம இருந்தா 1,000 பவுண்ட் வரைக்கும் ஃபைன் போடலாம், அது வேற.

11. ஜெயிச்ச அப்புறம்

பாப்லா முடிவு ஈமெயில், கேன்சல் லெட்டர், உறை ஃபோட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு 6 வருஷம் வைங்க, ஏன்னா அவங்க கேஸ் போட அவ்ளோ வருஷம் டைம் இருக்கு, பாதி நேரம் இந்தக் கம்பெனிகளோட ஒரு டிபார்ட்மென்ட் பண்றது இன்னொன்னுக்குத் தெரியறதில்ல. எனக்கு ஜெயிச்சு மூணு மாசம் கழிச்சும் கடன் வசூல் லெட்டர் ஒன்னு வந்துச்சு, 170 பவுண்ட் கேட்டு. பாப்லா முடிவை ஈமெயில்ல அனுப்பினேன், அதுக்கு பதிலே வரல, லெட்டரும் அதோட நின்னுடுச்சு.